நல்லா ஒக்கார முடியுதா?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூல ஆபரேஷனைத் தேர்த் திருவிழா மாதிரி கொண்டாடியவர் ‘ஒக்காரு அண்ணன்’ ஒருவர்தான்!

வடக்கனந்தலில் டிராக்டர் ஓட்டுகிறவர். நிஜப் பெயரை அவர் சம்சாரமே மறந்திருப்பார். எங்கள் பக்கத்தில் இந்த நோயைப் பெயர் சொல்லிப் பேசமாட்டோம். ‘உடம்பு சூடு’ என்று சொல்லி, மோரைக் குடித்துவிட்டு மறைத்துவிடுவோம். அண்ணனோ ஆபரேஷன் முடிந்து வந்த நாள் முதல், யாரைப் பார்த்தாலும் நல்லா இருக்கியா என்று கேட்பதையே விட்டுவிட்டார். “நல்லா ஒக்கார முடியுதா?” என்றுதான் கேட்பார். வெள்ளிமலை பஸ்ஸில் கேட்பார், பந்தியில் கேட்பார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்துத் தொலைத்தார்கள். மணமக்களுக்கு ஒரு வரி; மீதி முழுக்க, வெந்நீர் டப்பில் உட்காரும் முறை. பாயசம் வரும்வரை விடவில்லை.

அப்பேர்ப்பட்டவர் கண்ணில்தான் நான் மாட்டினேன். பஸ்ஸில் சீட் காலியாகக் கிடக்க, நான் கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். மனுஷர் காதோரம் குனிந்து, “எத்தினி நாளா தம்பி?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகளுக்கு அப்போதுதான் தியாகதுருகத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். சம்பந்தி பெரிய கிண்டல் பேர்வழி. அவருக்குத் தெரிந்தால் கல்யாணப் பந்தலிலேயே என் மானம் போய்விடும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கெஞ்சினேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, பௌத்திரம், அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அறுத்தார்.

அடுத்த நாள் படுத்துப் படுத்து அலுத்துப்போய், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் துணைக்கு இருந்த அண்ணன், அசதியில் என் கட்டிலில் சாய்ந்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தார் சம்பந்தி! பக்கத்து அறையில் யாரையோ பார்க்க வந்தவர், என் குரல் கேட்டு நுழைந்துவிட்டார்.

அண்ணன் சட்டென்று ஒருக்களித்துப் படுத்து முனக ஆரம்பித்தார்.

“உங்களுக்குத்தான் போன வருஷமே ஆயிடுச்சே. மைக்ல சொன்னீங்களே?” என்றார் சம்பந்தி.

“அது மூலம்ங்க. இது பௌத்திரம்.”

சம்பந்தி ஸ்டூலை என் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.

“அவரு ஒக்கார மாட்டாருங்க,” என்று கட்டிலில் இருந்தபடியே அண்ணன் முனகினார். “நான் எய்ந்து ஒக்கார்ற வரிக்கும் தானும் ஒக்கார மாட்டேன்னு நின்னுகினே கீறாரு.”

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு சிநேகிதமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வரவேண்டிய சாத்துக்குடியை எல்லாம் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தார். அண்ணன் கூச்சப்படாமல் தின்றார். கல்யாணத்தில் என் பெருமையைச் சம்பந்தி ஊருக்கே சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டிய அண்ணன், அன்று மட்டும் மைக் பக்கமே போகவில்லை.

இதை நான் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சம்பந்தி படிப்பார், படிக்கட்டும். ஆபரேஷன் எனக்குத்தான் சம்பந்தி. நீங்கள் மெச்சிய அந்தச் சிநேகிதர், கட்டிலில் படுத்திருந்தவர்.