முட்டிவலியும் முன்சக்கர மோட்டாரும்

ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பே சபதம் எடுத்தவன் நான். அதைக் காப்பாற்றி வருவது என் முழங்கால்.

விஷயம் இதுதான். என் மனைவி சீட்ஸ்காவுக்கு அத்தை, சித்தி என்று பதினான்கு பேர். எல்லாரும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடல் கரையணை ஓரமாகக் குடியிருக்கிறார்கள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஞாயிறன்று போய் வாழ்த்தியாக வேண்டும். எங்களிடம் கார் கிடையாது, ஞாயிறு பஸ்ஸும் கிடையாது, சைக்கிள்தான். வழி முழுக்க எதிர்காற்று. போய்ச் சேர்ந்தால் வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். பிறந்தநாள்காரிக்கு மட்டுமா? கூடியிருக்கும் இருபது பேருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். கூலி ஒரு காப்பி, ஒரே ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்கிற தைரியசாலி அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் எழுதியிருக்கும். நான் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அங்கே எனக்கு மீன்பிடிப் பத்திரிகைதான்.

"இந்தக் காத்துல என் முட்டி தாங்காது" என்பேன். அவள் தனியாக மிதித்துப் போவாள். நான் வீட்டுப் பின்னால் வாய்க்காலில் தூண்டில் போடுவேன். இதுவரை மாட்டியது ஒரு பழைய பூட்ஸ், அதுவும் இடதுகால்.

வசந்தகாலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஓன்னோ வேலிமேல் எட்டிப் பார்த்தான்.

"ரைண்டர், உங்கப்பா சைக்கிள் கொட்டகையில துருப்பிடிச்சுக் கெடக்கே. ஒரு மோட்டார் வச்சா தெற்கு ஏரிக்கே போயிடலாம்டா. அங்க கெண்டை வரிசையில நிக்குது."

"சீட்ஸ்காவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். முட்டிவலி செத்துப்போகும்!"

"மோட்டார்னு ஏன் சொல்றே? அப்பா ஞாபகத்துக்காக வண்டியப் புதுப்பிக்கிறேன்னு சொல்லு."

அடடா, நண்பன் என்றால் இவன்!

மூன்று வாரம் துரு சுரண்டினேன், சங்கிலி மாற்றினேன், கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற பழைய பிரேக் பின்சக்கரத்தில் இருந்ததால் மோட்டாரை முன்சக்கரத்தில் வைத்தேன். பேட்டரியைக் கேரியர் பைக்குள் ஒளித்தேன். சீட்ஸ்கா கொட்டகைக்குள் வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன ரைண்டர், கன்னுக்குட்டி கனம் கனக்குது?"

"அந்தக் காலத்து இரும்பு."

"முன்சக்கரத்துல என்ன டப்பா?"

"டைனமோ. விளக்குக்கு."

"இவ்ளோ பெருசா? நம்ம விளக்கப் பாத்துக் கப்பல் கரை சேரணுமா?"

"பாதுகாப்பு முக்கியமில்லயா?"

"ஆமாமா. முட்டிவலிக்காரன் மூணு வாரமாக் குந்தி உக்காந்து வேலை பாக்குறியே, அதுதான் அதிசயம்."

முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். அவளை ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஞாயிறு வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"பாவம், படுத்துக்கோ" என்று கிளம்பினாள். கால்மணி நேரம் கழித்துத் தூண்டிலும் கையுமாகக் கொட்டகையைத் திறந்தேன். அப்பா சைக்கிள் உள்ளே இல்லை; திரும்பிப் பார்த்தால் வீட்டு வாசலில் நின்றது. பக்கத்தில் சீட்ஸ்கா, கையில் பூங்கொத்து.

"பேட்டரிய சார்ஜ் போட்டுட்டேன். மிதிக்கவே வேணாம், முட்டி சும்மா சுத்தினாப் போதும். தூண்டில வச்சிட்டு வா."

"சீட்ஸ்கா... இன்னிக்கு ஒருநாள்..."

"எதிர்காத்துதானே உன் பிரச்சினை? இல்ல, எங்க அத்தையா?"

வேலிப்பக்கம் பார்த்தேன். ஓன்னோ வாய் நிறைய ஆப்பிள் கேக் மென்றுகொண்டிருந்தான். அது சீட்ஸ்கா செய்கிற கேக். அவன் தட்டில் இரண்டு துண்டு இருந்தது.

கடைசி அடைக்கலமாகக் கழிப்பறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். முதல்முறையாகக் காலண்டரைப் பார்த்தேன். பதினான்கு பேருக்குப் பக்கத்திலும் அவள் கையெழுத்தில், "ரைண்டரும் வருகிறார்."

"இதை எப்போ எழுதின?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

"ஓன்னோவ உன்கிட்ட அனுப்பிவச்சேனே, அன்னிக்குத்தான்."