மலைப்பாதைக்கு நான் வாதாடிய கதை

தினமும் காலையில் மலையேறுவது என்று முடிவு செய்தேன். டாக்டர் மிரட்டினார், மனைவி வழிமொழிந்தாள், புது ஷூவும் வாங்கியாயிற்று. ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஊர்க் குன்றின் அடிவாரத்தில் ஒரு தையல்கடை. அதில் மின்விசிறி, நாற்காலி, பேப்பர் எல்லாம் இருந்தன. முதல் நாளே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் ஏறவே இல்லை.

திரும்பும்போது தெருக்குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு, மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைவேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வராத நோயைக் கண்முன் நிறுத்துகிறவனுக்கு ஏறாத மலையைப் பற்றிச் சொல்ல வராதா?

ஒருநாள் மனைவி கேட்டாள். "ஏங்க, நானும் கூட வரட்டுமா?"

அவள் வந்தால் என் குட்டு உடைந்துவிடும்.

"நீயா? வேண்டாம்மா! மழையில பாதை பாதி சரிஞ்சு கிடக்கு. பிடிச்சுக்க ஒரு கம்பிகூட இல்ல."

"யாரு சரி பண்ணணும்?"

"நகராட்சிதான். பணம் ஒதுக்கணும்."

"ஒதுக்குவாங்களா?"

"நடக்கிறதுக்கெல்லாம் எவன் ஒதுக்குவான்? அப்படி ஒதுக்கினா உன்னை நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியம்!"

தொல்லை விட்டது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் முன்வரிசை முழுக்கப் பெண்கள். மாடி வீட்டு அக்கா, என் மனைவி, நடுவில் திருதிருவென்று நான்.

"தினம் ஏறுறவர் இவர்தாங்க. இவரே சொல்லுவார்," என்று மனைவி என்னை எழுப்பிவிட்டாள்.

தலைவர் சலித்துக்கொண்டார். "பஸ் நிலையத்துக்கே கூரை இல்ல. மலையில நடக்கப் பணமா? அங்க அப்படி என்னய்யா இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்! தெரியாதென்றால் மானம் போய்விடும். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமே இல்லைங்க. அதான் விசேஷம். டிக்கெட் இல்ல, காவலாளி இல்ல. எதுவும் வாங்காம ஒரு மனுஷன் சும்மா நிக்க இந்த ஊர்ல வேற இடம் இருக்கா? கடையில நின்னா என்ன வேணும்ங்கறாங்க. தெருவுல நின்னா யாரைப் பாக்கணும்ங்கறாங்க. வீட்டுல ஒரு பொம்பளை கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா, உடம்புக்கு என்னன்னு கேக்கறோம். ஆஸ்பத்திரிக்குக் கொட்டிக் குடுக்கறோம். அங்க போகாம இருக்க ஒரு பாதை கேட்டா மட்டும் கணக்குப் பாக்கறோம்."

மாடி வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தலையாட்டினார். பணம் ஒதுக்கியாயிற்று. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான், எனக்கு நானே குழி தோண்டிக்கொண்டது உறைத்தது.

பாதை தயாரானது. சத்தியமும் தயாராக நின்றது.

மனைவியும் கூட்டத்துக்கு வந்த பெண்களும் முன்னால் போக, நான் புதுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், தெரிந்தவன் மாதிரி இடப்பக்கம் திரும்பினேன்.

"அங்க பள்ளம்ங்க. இப்படி வாங்க," என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

உச்சியில் பெண்கள் ஆளுக்கொரு பாறையில் போய் உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. என் மனைவியும் ஒரு பாறையில் சாய்ந்து கண்ணை மூடினாள். இத்தனை வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"நீ முன்னாடியே இங்க வந்திருக்கியா?"

"நீங்க கிளம்பினதும் நானும் கிளம்பிடுவேன். பாதை சரிஞ்சதுல இருந்துதான் வர முடியல. வீட்டுக்குள்ளயே மூச்சு முட்டிப் போச்சுங்க."

"அப்ப நான் ஏறலைன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நீங்க பேப்பருக்குள்ள முகத்தை வெச்சிருக்கும்போது, அந்தத் தையல்கடையைத் தாண்டித்தானே ஏறுவேன்!"

"பின்ன கூட்டத்துல நீயே பேசியிருக்கலாமே! என்னை ஏன் மாட்டிவிட்ட?"

"அக்கா முன்னாடியே ஒரு தடவை பேசிப் பாத்தாங்க. பாவம், உள்ளதை உள்ளபடி சொன்னாங்க. யாரும் காதுல போட்டுக்கல. கண்ணால பாக்காததைப் பத்தி இவ்வளவு உருகிப் பேச, உங்களை விட்டா ஊர்ல யாருங்க இருக்கா?"