பத்திரம் சார் கட்டிய கழிப்பறை

எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக எதையும் யாரையும் தொடவிடாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உலகமே அழிந்தாலும் இவர்கள் பொறுப்பில் இருந்த சாமான்கள் மட்டும் வாங்கிய மேனிக்கு அப்படியே இருக்கும். பேருந்து நிலையத்தின் மேலாளர், அதாவது ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பத்திரம் சார்’ என்று அழைக்கும் மனிதர், அந்த இனத்தின் தலைமகன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். தானாக எழுந்து உட்காரக்கூட முடியாத, வளர்ந்த ஆட்களுக்கென்று ஒரு கழிப்பறை வேண்டும் என்று மேலிடத்துக்குச் செருப்புத் தேய நடந்தவர் அவர்தான். வாங்கியும் காட்டினார். சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்ப இடம், ஆள் நீளத்துக்கு மெத்தைப் பலகை, பொத்தானை அழுத்தினால் கூரையிலிருந்து இறங்கி ஆளை அலுங்காமல் தூக்கிப் பலகையில் கிடத்தும் யந்திரம். திறப்பு விழாவன்று அந்த யந்திரத்தில் தொங்கியபடியே கைகூப்பிப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் பூட்டினார். பூட்டாமல்? திறந்துவைத்தால் யாராவது உள்ளே போய்விட மாட்டார்களா?

அதன்பின் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு மட்டுமே கதவு திறந்தது. அவர்களும் வாசலில் நின்று எட்டிப்பார்த்து, ‘அடேயப்பா’ சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். பலகையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை. தினமும் காலையில் அவரே போய்த் தன் கைக்குட்டையால் குழாயைத் துடைப்பார்.

ஒரு நாள் ஓர் அம்மா, மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மகனுக்கு மீசை முளைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேச்சு வராது, கைகால்கள் அவன் சொல்லைக் கேட்காது. உடை நனைந்திருந்தது. இன்னும் அரை நாள் பயணம் பாக்கி. அவன் முனகிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

“சார், இந்தக் கதவைக் கொஞ்சம் திறங்க. இவனுக்கு மாத்தணும்.”

பத்திரம் சார் அவனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மனம் இளகியது, கதவை நினைத்து.

“நாளைக்குப் பெரிய ஆபீசருங்க வராங்கம்மா. அவங்க பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் தாராளமா வாங்க.”

“அதுவரைக்கும் இவன் இப்படியே இருக்கணுமா சார்?”

“அதுக்கில்லம்மா... அழுக்காயிடுமே.”

“கக்கூசு அழுக்காகாம வேற எது சார் ஆகும்?”

நியாயமான கேள்விதான். நியாயத்துக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்? “இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று பேச்சை மாற்றினார்.

“தரையிலதான் சார். இப்படித்தான்.”

அந்த அம்மா பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, நடைபாதையிலேயே உதறி விரித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை நாலு பேர் நடுவில் உடை களைய எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? “கொஞ்சம் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றார், தலை நிமிராமல்.

“ஐயையோ, என்னம்மா பண்றீங்க! இப்பத்தான் தரைக்குப் பாலிஷ் போட்டிருக்கு!”

பத்திரம் சார் ஓடினார். கதவு திறந்தது.

உள்ளே யந்திரம் உறுமியது. அந்தரத்தில் ஆடிய மகனின் சிரிப்பு நிலையம் முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் அந்த அம்மா அவனுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு வெளியே அழைத்து வந்து, “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று கண் கலங்கிச் சொன்னார். பத்திரம் சாரும் குழாய் துடைக்கும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மனிதர்தானே.

அவர்கள் போனதும் ஊழியரைக் கூப்பிட்டார். “இனிமே அந்த அம்மா மாதிரி யாருக்கும் இப்படி ஒரு நிலைமை வரக்கூடாதுய்யா. உடனே ஒரு போர்டு எழுதி மாட்டு.”

“கதவு எப்பவும் திறந்திருக்கும்னா சார்?”

“நடைபாதையில் துணி விரிக்கக் கூடாதுன்னு!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் தினமும் போய்வரும் இடத்திலும் அகலக் கதவு போட்ட அறை ஒன்று பூட்டிக் கிடக்கும். ‘பரவாயில்லையே, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்’ என்று ஒரு நாளாவது மெச்சியிருப்பீர்கள். அந்த அம்மா இந்நேரம் அடுத்த ஊரில் இறங்கியிருப்பார். அங்கே அவர் சாவி கேட்டு வந்து நிற்கப்போவது உங்கள் முன்னால் இல்லை என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?