சும்மா வந்த தேக்கு

"கேட்டைத் திறக்க முடியாது. என்ன பண்ணுவியோ பண்ணிக்கோ" என்றார் பூட்டண்ணன்.

லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். லாரியின் பின்பாதி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று அலறியது.

கடை ஆட்கள் வைத்த பேர்தான் பூட்டண்ணன். கடைக் காவல்காரரான அவர் எந்தப் பூட்டைப் பார்த்தாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். காலையில் கொல்லைக் கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

அவர் காவல் காக்கும் கடையே அவருக்குப் பிடிபடாத கடை. வீட்டை இடிக்கிறவர்களும் கட்டி முடித்தவர்களும் மிச்சம் கிடக்கும் கதவு, ஜன்னல், ஓடு, குழாய் என்று சும்மா கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். கடை அதைச் சல்லிசாக விற்கும். வரும் லாபத்தில் கூரையில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும். முதலாளி என்று ஒருத்தரும் கிடையாது. முதலாளி இல்லாத கடையை எவன் நம்புவான்?

"ஓட்டைக் கதவைக் கொடுத்தான்னா நம்பறேன். இது தேக்குடா! ஒரு லாரி தேக்கை எவன் சும்மா கொடுப்பான்?"

"கொடுத்திருக்காங்களே, பூட்டண்ணே."

"யாரு?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு." டிரைவர் பல்லைக் காட்டினான்.

"அப்போ திருட்டு மரம்தான். சந்தேகமே இல்ல."

பஸ்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். பூட்டண்ணன் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். மரத்தை நடைபாதையிலேயே இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். லாரி ஓரமாகப் போயிற்று, பஸ்ஸும் போயிற்று. ஆனால் கடை வாசலையும் பக்கத்து மருந்துக்கடை வாசலையும் இப்போது காணவில்லை. இரண்டும் மரத்துக்குப் பின்னால் இருந்தன.

"யோவ்! நான் எப்படிய்யா வெளியே வர்றது?" என்று மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

கடை மேலாளர் அம்மா மரக்குவியல் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்தார். அவர் பின்னாலேயே தையல்காரம்மாவும் வந்தாள். போன மாதக் காற்றில் கூரையைப் பறிகொடுத்தவள்.

"பூட்டண்ணே, இது இவங்க வீட்டுக்கு வந்த உத்தரம். அங்க சுவரை முடிச்சிட்டுக் கொத்தனாருங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. மழை வர்றதுக்குள்ள ஏத்தியாகணும்."

"எங்கிட்டயும்தாம்மா மரம் கிடக்கு. மாடி கட்ட வாங்கினது. மாடியும் வரல, மரமும் கறுத்து அழுக்கேறிப் போச்சு. அதுல ஒரு சிராய் கொடுக்க எனக்கு மனசு வராது. இது தங்கமாட்டம் மின்னுது, இதை ஒருத்தன் தூக்கிக் கொடுத்துட்டானாம்! நான் போலீசுக்குப் போன் போட்டாச்சு."

போலீஸ்காரர் வந்தார். மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"திருட்டுன்னு புகார் வந்துட்டா மரம் ஸ்டேஷனுக்கு வந்தாகணும். அங்க வெட்டவெளியிலதான் கிடக்கும். எப்போ திரும்பும்னு என்னைக் கேக்காதீங்க."

தையல்காரம்மா சத்தம் போடவில்லை. "என் மிஷின் இன்னும் குடைக்கு அடியிலதான் இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

பூட்டண்ணன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி, சரி. மரத்தை இழைச்சவனைக் கூப்பிடுங்க. அவன் வாயிலேர்ந்து உண்மை வரட்டும்."

மரமில்காரர் புருவமெல்லாம் மரத்தூளோடு வந்தார். "ஆமா, மேலெல்லாம் சீவி இழைச்சது நாங்கதான். எங்க ஆளுங்க லீவு நாள்ல வந்து செஞ்சாங்க."

"கூலி?"

"என்னய்யா கூலி?"

பூட்டண்ணன் டிரைவர் பக்கம் திரும்பினார். "லாரி வாடகை?"

"நான் வாங்கறதில்லண்ணே."

"அந்தக் கொத்தனாருங்க?"

"அவங்க சங்கத்துல முறை போட்டுக்கிட்டு வர்றாங்க" என்றார் மேலாளர் அம்மா.

"நான்கூட பெயிண்ட் கொடுத்திருக்கேன்யா!" மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முதல்ல என்னை வெளியே விடு!"

பூட்டண்ணன் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். ஒருத்தர் முகத்திலும் கள்ளம் இல்லை. ஊரே சேர்ந்து பைத்தியமாகியிருக்கிறது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று தோன்றியது.

குனிந்து ஓர் உத்தரத்தின்மேல் கை வைத்தார். கணுவே இல்லை. கோடுகள் ஓடைத் தண்ணீர்போல நுனிவரைக்கும் ஓடின. வெளிச்சம் பட்ட இடம் தேனாக இருந்தது. முகத்தை அருகே கொண்டுபோனார். எண்ணெயும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கையை எடுக்க மனம் வரவில்லை. இப்படி ஒரு மரத்தை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"இதையா கொடுத்தான்?" அவர் குரல் இறங்கியிருந்தது. "இதைக் கொடுக்க ஒருத்தனுக்கு மனசு வந்திருக்குன்னா, அவன் கால்லயே விழலாமே."

எழுந்து போலீஸ்காரரிடம் போனார். "சார், புகாரை விடுங்க. இது மனசாரக் கொடுத்த மரம். நாளைக்கு எவனாவது திருப்பிக் கேட்டு வந்தான்னா, அவன் காலை நான் உடைக்கிறேன்."

"நீங்க சொன்னாச் செல்லாது பெரியவரே. மரத்துக்குச் சொந்தக்காரர் சொல்லணும்."

ஒரு மழைத்துளி உத்தரத்தின்மேல் விழுந்தது. பூட்டண்ணன் ஓடிப்போய்த் தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"இவர் சொன்னாச் செல்லும் சார். கொல்லைக் கொட்டகைப் பூட்டைத் தொடாம, பின்பக்கப் பலகையைக் கழட்டி இவர் வீட்டு அண்ணிதான் இந்த மரத்தை எங்களுக்கு ஏத்திவிட்டாங்க."