கவுறு கேட்ட விசில்

விசில் சத்தம் கேட்டால் எமனே வந்து கையைப் பிடித்தாலும் கயிற்றை இழுத்துவிடுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரை நம்பி நாங்கள் மலேசியாவுக்கு நாடகம் கொண்டுபோனோம். எங்களுக்கும் புத்தி கிடையாது.

திரை இழுப்பது அவர் வேலை. தருமபுரியில் கயிற்றைக் கவுறு என்போம். அவர் பெயரும் அதுவே ஆகிவிட்டது. டைரக்டர் ஒரு விசில் அடித்தால் மூடுவார், அடுத்த விசிலுக்குத் திறப்பார். இதில் மூளைக்கு வேலையே இல்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆடியபோது கண்டக்டர்கள் அடித்த விசிலுக்கெல்லாம் மூடித் திறந்தார். ஒகேனக்கல் பஸ் கிளம்பிவிட்டது, எங்கள் நாடகத்து மாப்பிள்ளையால் தாலி கட்ட முடியவில்லை.

நாடகத்தின் பெயர் 'வரப்புச் சண்டை'. அண்ணன் வேஷம் எனக்கு. கடைசி சீனில் வரப்பில் விழுந்து, ஒரு பக்க வசனம் பேசிச் சாவேன். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் நடிக்கவே வந்தேன். ஊரில் ஒருத்தனும் அதற்குக் கைதட்டியதில்லை. அதியமான்கோட்டையில் நான் செத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

மலேசியாவில் கிள்ளான் நகரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோயில் விழாவுக்கு அழைத்தார். அந்த மண்டபத்தில் பொத்தானை அமுக்கினால் திரை மூடும். கவுறு ஒப்பவில்லை.

"பொத்தான அமுக்க எங்கூட்டு ஆடு போதுங்க. நான் எதுக்கு?"

ஊரிலிருந்து சுமந்து வந்த பச்சைத் திரையை முன்னால் கட்டிவிட்டார்.

கடைசி சீன். விழுந்தேன். "தம்பி, வரப்பை நீயே வெச்சுக்கோ" என்றேன். கூட்டத்தில் விசில் பறந்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விசில்!

திரை மூடியது.

"தொறங்ணா!" படுத்தபடியே கத்தினேன்.

"விசில் வரட்டும்ப்பா."

வெளியே விசில். திறந்தது. நான் வாயைத் திறந்தேன். மறுபடி விசில். மூடியது. இப்படியே ஆறு முறை. கடைசியாகத் திறந்தபோது நான் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

"அறிவிருக்காங்ணா? அது ஜனங்க அடிச்ச விசிலு!"

கவுறு கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார். "பதினோரு ஊர்ல ஆடியிருக்கோம். நமக்குன்னு எவன்ப்பா விசிலடிச்சான்? எனக்கெப்படித் தெரியும்?"

ஊர் வந்து சேரும்வரை அவர் பக்கத்து சீட்டில் நான் உட்காரவில்லை.

போன மாதம் பாப்பாரப்பட்டியில் ஆடினோம். முழுப் பக்கத்தையும் பேசி முடித்துச் செத்தேன். கூட்டத்தில் மூச்சில்லை. முன்வரிசையில் யாரோ கடலை உடைக்கிற சத்தம்தான் கேட்டது.

அப்போது மேடை ஓரத்திலிருந்து ஒரு விசில். செத்த கண்ணைத் திறந்து பார்த்தேன். டைரக்டரின் விசில் அவர் சட்டைப் பையில் கிடந்தது. கவுறு, கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்திருந்தார்.

திரை மூடவே இல்லை.