குளிர் அறையின் மூன்று உறுப்பினர்கள்

குரம்பின் என்ற ஊரின் வட்டார மன்றத்துக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்தையும் மூன்று பேருக்குக் குறைவானவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஒருவர் விழுந்தால், ஒருவர் தூக்கவும் இன்னொருவர் அதைப் படிவத்தில் எழுதவும் ஆள் வேண்டுமல்லவா?

நோலீன் பிரிக்ஸ் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது அவளுக்கு ஒளி ஓவியத்தில் பித்து. கும்மிருட்டில் காமிராவை நாலு நிமிஷம் திறந்து வைத்துவிட்டு, கறுப்பு உடையோடு அதன் முன்னால் நடந்து, டார்ச்சால் காற்றில் கோடு இழுக்க வேண்டும். கோடு படத்தில் விழும், இழுத்தவர் விழமாட்டார். பகலிலும் கும்மிருட்டாக இருக்கும் ஒரே இடம், மூடிக் கிடந்த வெண்ணெய் ஆலையின் குளிர் அறை.

முதலில் கணவர் கெவ்வை நிறுத்திப் பார்த்தாள். நாலு நிமிஷத்தில் அவர் இரண்டு தடவை இருமி, முழங்காலைச் சொறிந்து, படத்தில் மூன்று மூக்கோடு வந்தார். "எனக்கு இருக்கிற ஒண்ணே போதும்" என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடையை மூடிய கல்யாண உடைக்காரரிடமிருந்து நோலீன் உடை மாட்டும் ஆளுயரப் பொம்மைகள் மூன்றை வாங்கி வந்து அங்கே நிறுத்தினாள். அவை இருமவில்லை.

மன்றத்தின் இடர் மேலாண்மை அலுவலர் லைல் ஹாக்ஸ்பி ஆய்வுக்கு வந்தார். சிறு வயதில் அவள் பேருந்தில் போனவர்தான்.

"யார் யார் இருந்தீங்க?"

"நான் மட்டும்தான் லைல்."

"ஆதாரம்?"

நோலீன் படத்தைக் காட்டினாள். பொம்மைகளின் தோளிலிருந்து நீலச் சிறகுகள் விரிந்திருந்தன. லைல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார்.

"மூணு பேர் தெளிவா தெரியறாங்க. நீங்க எங்க?"

"அதெல்லாம் பொம்மைப்பா. அந்தச் சிறகு பூரா நான் போட்டது."

"'கலந்துகொண்டோர் என்பது புகைப்படத்தில் தெரிவோர்'னு படிவத்துல இருக்கு. நீங்க தெரியல."

"தெரியாம இருக்கிறதுதான் இதுல வித்தையே."

"அப்ப நீங்க வரலைன்னு ஒத்துக்கறீங்க. சரி, அவங்க பேர் சொல்லுங்க."

தொல்லை விட்டால் போதுமென்று, பொம்மைகளின் பாதத்தில் பொறித்திருந்த உடை அளவுகளை நோலீன் படித்தாள். "பன்னிரண்டு. பதினாலு. பதினாலு நெட்டை."

"கடைசி ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா?"

"இருக்கும்."

மூவருக்கும் அனுமதி வந்தது. 'உடன் கொண்டுவரும் பொருட்கள்' என்ற கட்டத்தில், காமிரா முக்காலிக்கு அடுத்த வரியில் நோலீன் பெயர் இருந்தது. அறை கிடைத்ததே என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். நூலகக் கண்காட்சிக்கு ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆறு மாதம் இடைவிடாமல் ஒரு கட்டடத்தைப் பயன்படுத்துவோர், இன்னொரு விதியின்படி, அதன் ஆலோசனைக் குழு ஆகிவிடுவார்கள். மூவரும் ஆனார்கள். வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு, ராஜினாமா இல்லை, பயணப்படி கேட்கவில்லை. மன்றம் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, குளிர் அறை வாசலில் 'ஆலோசனைக் குழு' என்று பலகை மாட்டியது.

பலகையைப் பார்த்து ஜனம் வரத் தொடங்கியது. ரொட்டிக்கடை வால்மே, சாலைக் குழியைப் பற்றி உள்ளே இருபது நிமிஷம் பேசிவிட்டு முகம் மலர வெளியே வந்தாள்.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் நோலீன்.

"குறுக்கே பேசல. போனைப் பாக்கல. 'இது எங்க துறை இல்ல'ன்னு சொல்லல. மன்றத்துல இதுல பாதி மரியாதை கிடைச்சதில்ல."

"குழி?"

"அப்படியேதான் இருக்கும். மன்றத்துல சொன்னப்பவும் அப்படியேதானே இருந்துச்சு?"

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. கடைசிப் படத்துக்கு நெட்டையை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினால் போதும். லைல் தலையாட்ட மறுத்தார்.

"உறுப்பினரை இடம் மாத்தணும்னா குழு ஒப்புதல் வேணும் நோலீன்."

நோலீன் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே காரோட்டினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, லைல் பிறகு குடையக் கூடாதே என்பதற்காக மட்டும், குழு ஒப்புதல் படிவத்தை இரண்டு பிரதி நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். விடுவிடுவென்று எல்லாரையும் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து டார்ச்சை அடித்தாள்.

"விளக்கை அணை நோலீன்" என்று உள்ளே உட்கார்ந்திருந்த வால்மே கிசுகிசுத்தாள். "யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

நோலீன் டார்ச்சை அணைத்தாள். இருட்டில் மூவரும் நிற்கும் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.