முப்பது மில்லிமீட்டர் கூடுதல்

“இதக் கொஞ்சம் பாருங்களேன்” என்று மனைவி கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டியதுமே துணிக்கடைக்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சகலை செய்த கட்டில். தலைமாட்டில் பூவேலைப்பாடும் மயில்நீலப் பூச்சுமாகத் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

“பொண்ணுக்காக அவரே உக்காந்து செஞ்சாராம். என்ன பொறுமை! நமக்கும் இப்படி ஒண்ணு இருந்தா...”

“நம்ம கட்டிலுக்கு என்ன குறைச்சல்?”

“அது வேற, இது வேற” என்று மனைவி பெருமூச்சு விட்டாள்.

அவர் செய்த எதற்கும் அவள் அப்படி ஒரு பெருமூச்சு விட்டதில்லை. மற்ற வகைப் பெருமூச்சுகள் நிறைய விட்டிருக்கிறாள்.

படத்துக்குக் கீழே சகலை பீற்றிக்கொண்டிருந்தார்: ‘நீளம் 220 மில்லிமீட்டர்.’ துணிக்கடையில் மில்லிமீட்டருக்கு வேலையே இல்லை. சென்டிமீட்டர் நூறு சேர்ந்தால் மீட்டர். அவர் அறிந்த கணக்கு அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் நூறால் வகுத்தார். இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே வந்தது. கட்டிலென்றால் அந்த நீளம்தானே! உடனே தச்சருக்குப் போன் போட்டார்.

“படம் அனுப்பியிருக்கேன். அதே மாதிரி செய்யணும். நீளம் மட்டும் இருநூத்தம்பது மில்லிமீட்டர்.”

“அவ்வளவு சின்னதாவா சார்?”

“சின்னதா? என் சகலையோடது வெறும் இருநூத்திருபது!”

“சரி சார், உங்க இஷ்டம்.”

புதுக் கட்டிலுக்கு இடம் வேண்டுமே! பழையதை மாடிவீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார்.

“கட்டில எதுக்குங்க குடுத்தீங்க?” என்று பதறினாள் மனைவி.

“பொறுத்திருந்து பாரு.”

தரையில் படுத்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதோடும் சும்மா இருந்தாரா? சகலையை அழைத்து, “சனிக்கிழமை குடும்பத்தோட வந்து தங்குங்க. எங்க புதுக் கட்டில்ல நீங்கதான் முதல்ல படுக்கணும்” என்றார்.

“படுக்கணுமா?” என்று சகலை திணறினார். பொறாமையில் வாயடைத்துப்போய்விட்டது என்று துணிக்கடைக்காரர் குளிர்ந்துபோனார்.

சனிக்கிழமை காலை தச்சர் வந்தார். அக்குளில் ஒரு காகிதப் பொட்டலம்.

“மீதியெல்லாம் வண்டியிலயா?”

“இவ்வளவுதான் சார்.”

பிரித்தால், பூவேலைப்பாட்டோடு ஒரு கட்டில். பூனை படுத்தால் வால் வெளியே தொங்கும். டேப்பை வைத்தார். இருபத்தைந்து சென்டிமீட்டர். ஆயிரத்தால் வகுத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பாத கழுத்தோடு மாடிக்கு ஓடினார். “அந்தப் பழைய கட்டில கொஞ்சம்...”

“அதுலதான் எங்க மாமனார் தூங்கறார். எழுப்பினா சண்டைக்கு வருவார். நீங்களே எழுப்பறீங்களா?”

அவர் இறங்கி வருவதற்குள் சகலை குடும்பம் கூடத்தில் நின்றது. மனைவி குட்டிக் கட்டிலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். மானம் கப்பலேறிவிட்டதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்காகவா செஞ்சீங்க?” என்றாள் அவள். அந்தப் பெருமூச்சு வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். சகலை சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவிக் கட்டிலை அளந்துகொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“முப்பது மில்லிமீட்டர் பெருசு! இனிமே எம்பொண்ணு அவ பொம்மைய நான் செஞ்ச கட்டில்லயா தூங்க வைப்பா?”